குட்டி யானையா, பெரிய பிக்கப்பா? நம்ம பக்கத்து அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:
குறுவை அறுத்து நெல் வயலோரம் குவிந்து கிடந்தது. மேற்கே மானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்குப் பேசிய பெரிய பிக்கப் மதகோடு நின்றுவிட்டது. "இதுக்கு மேல வண்டி வராது, மூட்டையைத் தூக்கிட்டு வந்துடுங்க" என்றார் டிரைவர். அங்கிருந்து குவியல் வரைக்கும் தலைச்சுமை என்றால் கூலி ஒரு பக்கம், ஆள் எங்கே கிடைக்கும்?

அப்புறம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் குட்டி யானையோடு, அதாவது டாட்டா ஏஸோடு வந்தான். உள்ளே போனால் திருப்ப இடமில்லை என்று வாய்க்கால் கரையிலேயே ரிவர்ஸில் வந்தான். கண்ணாடியை மடக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, பின்சக்கரத்தையே பார்த்தபடி ஓட்டினான். சக்கரத்துக்கடியில் மண் பெயர்ந்து தண்ணீரில் விழுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவன் நிறுத்தவே இல்லை. கடைசி நடைக்குத் தார்ப்பாய் கட்டும்போதுதான் தூறல் ஆரம்பித்தது.

இப்போது சொந்தமாக ஒரு வண்டி எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. தம்பி பெரியதுதான் வேண்டும் என்கிறான். எனக்கு அந்தக் கரையை மறக்க முடியவில்லை. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

நாகை மீன்லோடு:
கரையில் போகும், சரி. ரோட்டில்? நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு மீன் ஏற்றுகிறவன் நான். பெட்டி, ஐஸ், உருகி நிற்கிற தண்ணீர் எல்லாம் சேர்த்து யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஏலம் முடிந்ததும் ஏற்று, கிளம்பு, அவ்வளவுதான். ஒரு நாள் விடியக்காலை ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது முன்பக்கம் லேசாகிவிட்டது. ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், வண்டி திரும்பாமல் நேரே போகிறது. எதிரே பஸ். அவர் ஒதுங்கியதால் பிழைத்தேன். பழைய ஏஸில் இருப்பது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதை நம்பி மீன் தொழில் பண்ண முடியாது. இப்போது பொலேரோ பிக்கப்தான். மேம்பாலத்தில் கியரைக் குறைத்தால் போதும், ஏறிவிடுகிறது. உங்கள் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

மன்னார்குடி டீசல்:
நாகை அண்ணே, ஏஸுக்குக் கம்பெனி சொன்ன பாரமே முக்கால் டன்தான். நீங்கள் ஏற்றியது எவ்வளவு என்று நீங்களே சொல்லவில்லை. பின்னால் அமுக்கினால் முன்பக்கம் தூக்கத்தான் செய்யும். அதில் வண்டியின் குற்றம் என்ன இருக்கிறது? என் கண்முன்னாலேயே நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு ஏஸ், பாரம் தாங்கும் கமான் பட்டை முறிந்து படுத்துவிட்டது. மேலே முழுக்கச் செங்கல். கேட்காமல் நின்றவர்கள் எல்லோரும் வண்டியைத்தான் திட்டினார்கள்.

வெண்ணாற்றங்கரை, எது வாங்கினாலும் சில விஷயங்களை மனதில் வையுங்கள். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸை வைத்தே மொத்த எடை 7500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்விலேயே சொல்லிவிட்டது. ஆகவே லைசென்ஸுக்குப் பயந்து சின்ன வண்டி எடுக்க வேண்டாம். பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவுக்குள் அடங்கும் வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் எதற்கும் விலக்கில்லை. ஏஸின் சக்கரம் 12 அங்குலம். காய்ந்த கரையில் ஓடும், ஆனால் சம்பா அறுப்பில் ஈரம் வடியாத களிமண்ணில் இறக்கினால் அச்சு வரை புதையும், டிராக்டர்தான் இழுக்க வேண்டும். வைக்கோல் கட்டும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு எடை கிடையாது, இடம்தான் வேண்டும். நீளமான பாடி உதவும். இரண்டுக்கும் நடுவில் அசோக் லேலண்டின் தோஸ்த் இருக்கிறது. 2011இல் வந்தது, ஒன்றேகால் டன் பாரம். உங்கள் மதகின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

தலைஞாயிறு:
கஜா புயல் அடித்த நேரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை. அதற்குப் பிறகு எங்கள் ஊர் எப்படிக் கிடந்தது என்று எல்லோரும் பார்த்ததுதான். தண்ணீர் லாரி மெயின் ரோடு வரைக்கும் வந்தது. தெருவுக்குள் தென்னை குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தது. மரம் அறுக்கும் மிஷின் ஒன்றுதான், அதுவும் பக்கத்துத் தெருவோடு பங்கு. முழு மரத்தையும் புரட்ட ஆளில்லாமல் நடுவில் ஒரு துண்டை மட்டும் அறுத்து உருட்டிவிட்டோம். அந்த இடைவெளியில் ஒரு குட்டி யானை டிரம்மோடு நுழைந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தூர் உரசுகிறது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னாலேயே மட்டையை இழுத்துப் போட்டபடி நடந்தார்கள். அந்த டிரைவர் வாடகை வாங்கவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கும்பகோணம் மேலவீதி:
ஹூஸ்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் ஃபோர்டு எஃப்-150 என்கிற பெரிய பிக்கப். கண்ணாடிகளை விட்டுவிட்டே 2 மீட்டர் அகலம். நம்ம ஏஸ் ஒன்றரை மீட்டர்தான். ஒரு சாயங்காலம் அந்த வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. என் பேரன் பந்தைத் துரத்திக்கொண்டு அதற்கு முன்னால் ஓடினான். பானெட் என் மார்பு உயரம். பிள்ளையின் தலை அதற்குக் கீழே. நான் கத்தியதைக் கேட்டுத்தான் அவர் இறங்கி வந்தார். நல்ல மனிதர், நடுங்கிவிட்டார். உள்ளே உட்கார்ந்தால் பிள்ளை தெரியவே இல்லை என்றார். என் மனசு இன்னும் ஆறவில்லை.

அந்த வண்டியின் பின்பாடி நான் இருந்தவரை பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. ஓரச்சுவர் அவ்வளவு உயரம், மூட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினால்தான் உள்ளே விழும். ஏஸில் டோரைத் திறந்து முதுகைச் சாய்த்தால் மூட்டை இறங்கிவிடும். சுமக்கிற ஆளுக்கு அதன் அருமை தெரியும். ஜப்பானில் 660 சிசி என்ஜினும் 1.48 மீட்டர் அகலமும் தாண்டாத குட்டி டிரக் என்று சட்டத்திலேயே ஒரு வகை உண்டு, அங்கே விவசாயிகள் அதைத்தான் ஓட்டுகிறார்கள். பணமில்லாமல் சின்ன வண்டி வாங்கவில்லை அவர்கள். நம்ம பெரிய கடைத்தெருவில் ஒரு எஃப்-150 நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது.

நாகை மீன்லோடு:
மன்னார்குடி தம்பி, முக்கால் டன் கணக்கு எனக்கும் தெரியும். முக்கால் டன் மட்டும் ஏற்றினால் டீசலும் டிரைவர் பேட்டாவும் போக வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? சின்ன வண்டி வைத்திருக்கும் எல்லோரும் பாரம் மீறுவது அதனால்தான். ஆசைக்கு யாரும் ஏற்றுவதில்லை. தலைஞாயிறு சொன்னது வேறு, அதற்கு நான் மறுபேச்சு பேச மாட்டேன். அந்த டிரைவரைப் பற்றி எங்கள் ஸ்டாண்டில் விசாரிக்கிறேன். வண்டியில் ஏதாவது எழுதியிருந்ததா, என்ன நிறம்?

வெண்ணாற்றங்கரை:
மதகை அளந்துவிட்டேன். சுவருக்குச் சுவர் 1.9 மீட்டர். ஏஸ் தாராளமாக நுழையும். தோஸ்த் நுழையுமா என்று ஓட்டுகிறவர்கள் யாராவது அகலம் பார்த்துச் சொல்லுங்கள், கண்ணாடியையும் சேர்த்து.