பையனிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், ஆதார் இரண்டும் இருக்கு: சுனௌலி எல்லையில் எதைக் காட்டுவது?

லாஸ்பேட்டை_அம்மா:
வணக்கம். டிசம்பர் லீவில் லும்பினி, பொக்கரா போகலாம்னு இருக்கோம். சென்னையிலிருந்து ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ், சுனௌலியில் எல்லை தாண்டி நேபாளம். மூணு பேர். நான் இந்தியக் குடியுரிமை. வாக்காளர் அட்டையும் ஆதாரும் இருக்கு. பையனுக்கு 8 வயசு, அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பிரெஞ்சு பாஸ்போர்ட், ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற அட்டை), ஆதார் மூணும் உண்டு. அண்ணன் மகளுக்கு 16 வயசு, இந்தியர், பாஸ்போர்ட் எடுக்கலை. வீட்டுக்காரர் பிரான்சில் வேலையில் இருப்பதால் வரலை. 15 வயசுக்குக் கீழே ஆதார் போதும்னு சொல்றாங்க. பையனுக்கு அதையே காட்டிடலாமா?

நடைபயணி:
ஆமாங்க. 15க்குக் கீழும் 65க்கு மேலும் ஆதார் செல்லும், 2019லிருந்து. உங்க வயசுக்கு அது செல்லாது. வாக்காளர் அட்டை இல்லேன்னா பாஸ்போர்ட் வேணும். அதோட ஒரிஜினலை எடுத்துக்கோங்க.

சொல்தா_வீட்டுப்பிள்ளை:
நடைபயணி சொன்ன விதி சரி, ஆனா அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். அக்கா, உங்க பையன் அதில் வரமாட்டான். இங்கே குடியிருக்கிறவர்னு ஆதார் கொடுத்திருக்காங்க, அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது. ஓசிஐயும் இரட்டைக் குடியுரிமை இல்லை. எல்லையில் அவன் ஒரு பிரெஞ்சுப் பயணி, அவ்வளவுதான்.

அவனுக்கு நாலு முத்திரை வேணும். போகும்போது இந்தியா வெளியேற்றம், நேபாள விசாவும் நுழைவும். திரும்பும்போது நேபாள வெளியேற்றம், இந்திய நுழைவு. இந்த வரிசையில் ஒண்ணு விட்டாலும் அடுத்தது நடக்காது.

பெரும்பாலும் சறுக்குறது முதல் முத்திரையில்தான். இந்தியர்கள் எங்கேயும் நிற்காம நேபாள வளைவைத் தாண்டி நடந்துகிட்டே இருப்பாங்க, ரிக்‌ஷாக்காரரும் நேரா அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுடுவார். இந்திய குடியேற்ற அலுவலகம் அதுக்கு முன்னாடியே, கடைவீதியில் இருக்கு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் "இமிக்ரேஷன் ஆபீஸ்"னு கேட்டு அங்கே போங்க. பையனைக் கூடவே கூட்டிட்டுப் போகணும். பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தனுப்பக் கூடாது. வெளியே வந்ததும் முத்திரையில் தேதி தெளிவா விழுந்திருக்கான்னு பாருங்க. அது இல்லாம எல்லைக்கு அந்தப்பக்கம் பெலஹியாவில் இருக்கிற நேபாள அலுவலகத்துக்குப் போனா திருப்பி அனுப்புவாங்க.

நேபாள விசா அங்கேயே கிடைக்கும். 10 வயசுக்குக் கீழே கட்டணம் இல்லை. கட்டணம் இல்லேன்னா விசாவே வேண்டாம்னு அர்த்தமில்லை, படிவம் நிரப்பி விசா ஸ்டிக்கர் வாங்கியே ஆகணும். ஆன்லைன் படிவத்தை ரொம்ப முன்னாடி போட்டா காலாவதியாகும். கிளம்பும் வாரத்தில் போட்டு பிரிண்ட் எடுங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு. பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாசமாவது மிச்சம் இருக்கணும். பெரியவங்களுக்கு 15 நாள் 30 டாலர், 30 நாள் 50 டாலர். வீட்டுக்காரர் பின்னாடி வந்து சேர்ந்துகிட்டா டாலர் நோட்டா கையில் வெச்சிருக்கட்டும்.

ஆதாரைக் காட்டித் தாண்டிட்டா அந்த நேரத்தில் யாரும் நிறுத்தாம போகலாம். ஆனா அந்த ஊரில் அவன் விசா இல்லாத வெளிநாட்டவன். உடம்பு சரியில்லாம காட்மாண்டுவிலிருந்து விமானத்தில் திரும்ப வேண்டி வந்தா, வெளியேற்றக் கவுண்டரில் மாட்டிக்குவீங்க.

நடைபயணி:
குடியுரிமையைக் கவனிக்காம சொல்லிட்டேன், மன்னிக்கணும்.

பஸ்_ஸ்டாண்ட்_பழனி:
மேடம், அண்ணன் மகளைப் பத்தி யாரும் பேசலையே. 15லிருந்து 18 வரைக்கும் பள்ளித் தலைமை ஆசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் கொடுக்கும் அடையாளச் சான்று வேணும். சாதாரண போனபைட் இல்லை, அந்தப் படிவத்திலேயே வாங்குங்க. போட்டோ மேல பள்ளி முத்திரை விழணும். அரையாண்டு லீவுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அப்புறம் கையெழுத்துப் போட ஆள் இருக்கமாட்டாங்க. குடும்பத்தில் ஒருத்தருக்கு ஆவணம் இருந்தா மத்தவங்களுக்கு உறவைக் காட்டும் போட்டோ சான்று போதும்னு ஒரு சலுகை உண்டு. அதில் கணவன், மனைவி, சிறுபிள்ளைகள், பெற்றோர்தான். அத்தைக்கு இடமில்லை. அதனால பொண்ணோட அப்பா, அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவங்க அடையாள நகலும் சேர்த்து வையுங்க. பாஸ்போர்ட் எடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்லை.

லாஸ்பேட்டை_அம்மா:
ரொம்ப நன்றி. இன்னொண்ணு. என் பேரில் இனிஷியல்தான், பையன் பாஸ்போர்ட்டில் அவங்க அப்பா குடும்பப் பெயர். அம்மான்னு எப்படி நிரூபிக்கிறது? பிரான்ஸ் போனப்ப கேள்விப்பட்ட அந்த ஏ.எஸ்.டி. படிவம் (பிள்ளை நாட்டை விட்டுப் போக பெத்தவங்க கொடுக்கிற அனுமதி) இதுக்கும் வேணுமா?

சொல்தா_வீட்டுப்பிள்ளை:
ஏ.எஸ்.டி. வேண்டாம். பிரான்சில் குடியிருக்கிற பிள்ளை பெத்தவங்க இல்லாம வெளிநாடு போனாத்தான் அது. உங்க பையன் இங்கே குடியிருக்கான், கூடவே அம்மாவும் வர்றீங்க.

பேர் சிக்கலுக்கு அவன் பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினலை எடுத்துக்கோங்க, அதில் உங்க பேர் இருக்கும். வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் பாஸ்போர்ட்டோட ஒத்துவந்தா இன்னும் நல்லது. லிவ்ரே (பிரெஞ்சு குடும்பப் பதிவுப் புத்தகம்) இருந்தா போட்டோகாப்பி மட்டும் போதும், ஒரிஜினலைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். அப்பாவோட சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில், பயணத் தேதி, எல்லை ஊர், உங்க அடையாள எண் எல்லாம் போட்டு எழுதி, அங்கே மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) கையெழுத்தைச் சான்று செய்து அனுப்பச் சொல்லுங்க. அவர் பாஸ்போர்ட் நகலும் கூட.

ஓசிஐயை ஒருதடவை பாருங்க. பிள்ளைகளுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் 5 வருஷம்தான். பையன் புதுசு வாங்கியிருந்தா, ஓசிஐயில் பழைய எண் இருக்கும். புது பாஸ்போர்ட்டையும் புது போட்டோவையும் ஓசிஐ தளத்தில் ஏத்தணும். ஏத்தின ரசீதை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டுக்குள்ள வையுங்க. திரும்பி வரும்போது இந்தியப் பக்கம் கேட்கிறது ஓசிஐயைத்தான். வீட்டில் வெச்சுட்டு வந்துடாதீங்க.

பஸ்_ஸ்டாண்ட்_பழனி:
பணம்: 100 ரூபாய் நோட்டும் அதுக்குக் கீழேயும் கொண்டுபோங்க, 500ஐ மட்டும் நம்பாதீங்க. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். கடியாரம் கால் மணி முன்னாடி ஓடும். டிசம்பர் கடைசியில் கோரக்பூர் பக்கம் பனிமூட்டம், ரயில் பல மணி நேரம் தாமதமாகும். அன்னைக்கே எல்லையைத் தாண்டணும்னு திட்டம் போடாம கோரக்பூரில் ஒரு ராத்திரி தங்குங்க. எல்லையிலிருந்து பொக்கரா சுமார் 180 கிலோமீட்டர், மலைப்பாதை. பையனுக்கு வாந்தி வர்ற வழக்கம் இருந்தா முன் சீட் கேட்டு வாங்குங்க, பாலிதீன் பை நாலு கையிலேயே இருக்கட்டும். முதல் நாள் லும்பினியோட நிறுத்திக்கிறதுதான் நல்லது.

லாஸ்பேட்டை_அம்மா:
ஓசிஐயில் பழைய எண்தான் இருக்கு. இன்னைக்கே ஏத்திடுறேன்.