பொசிக்ஸ் அடுத்த பதிப்புக்குள் ஒரு மாற்றத்தைக் கொண்டுபோவது எப்படி?

வெள்ளவத்தை_ஷெல்:

வணக்கம். பம்பலப்பிட்டியில் ஐந்து பேர் கொண்ட குழு நாங்கள். லினக்ஸ், பி.எஸ்.டி., மெக் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடவேண்டிய ஷெல் ஸ்கிரிப்ட்டுகளைப் பராமரிக்கிறோம். 2024 ஜூனில், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது நியமமான பொசிக்ஸின் எட்டாம் வெளியீடு வந்து பைப்ஃபெயில், டைம்அவுட், ரியல்பாத், ஃபைண்டின் பூச்சியப் பிரிப்பு என்று பலதும் உள்ளே வந்துவிட்டன, சந்தோசம். ஆனால் மூன்று விடயங்களில் இன்னும் கையைக் கட்டிப்போட்ட மாதிரித்தான் இருக்கிறது.

தற்காலிகக் கோப்பு உண்டாக்கும் எம்கேடெம்ப் கட்டளை நியமத்தில் இல்லை. கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றும் செட் கட்டளையின் தெரிவும் இல்லை. மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி: வடிவம் கொடுத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் கட்டளை தமிழ்ச் சொல்லை நடுவில் வெட்டிப் போடுகிறது. பற்றுச்சீட்டில் பெயர் நிரலுக்கு உச்ச அளவு (அதைத் துல்லியம் என்பார்கள்) கொடுத்தால் கடைசி எழுத்து கேள்விக்குறியாகி நிற்கும்.

இம்மூன்றையும் அடுத்த திருத்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று யோசிக்கிறோம். யாருக்கு எழுதுவது? நாட்டின் நியம அமைப்பான இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ஊடாகப் போகவேண்டுமா, நேரடியாகவே போகலாமா? காசு கட்டவேண்டுமா? எத்தனை வருடத்துக் கதை இது?

கொட்டாஞ்சேனை_13:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

முதல் பொசிக்ஸ் 1988. யூனிக்ஸ் நியமத்தோடு ஒன்றாக்கிய பதிப்பு 2001, அடுத்தது 2008, அதற்கடுத்தது 2024. இடையில் 2017 என்று ஒன்று தெரியுமே, அது புதுப் பதிப்பே இல்லை. ஐ.ஈ.ஈ.ஈ. (மின், மின்னணுப் பொறியியலாளர் அமைப்பு) நியமம் ஒன்றின் ஆயுள் பத்து வருடம், அதற்குள் திருத்தாவிட்டால் செயலற்றதாகிவிடும். 2008க்கு அந்த எல்லை நெருங்கவும், 2013, 2016 ஆண்டுகளில் வந்த இரண்டு திருத்தத் தாள்களையும் உள்ளே சேர்த்துத் தைத்து வெளியிட்டார்கள். ஆகவே புதுக் கட்டளை ஒன்று உள்ளே வரக்கூடிய வாசல் 2008க்குப் பிறகு 2024இல்தான் திறந்தது. பதினாறு வருடம்.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். பிழை, முரண், தெளிவின்மை என்றால் திருத்தத் தாளில் போகலாம். புதுக் கட்டளை, புதுத் தெரிவு என்றால் முழுப் பதிப்புக்குத்தான் போகும். நீங்கள் கேட்ட மூன்றுமே இரண்டாவது வகை. திருத்தத் தாளில் புதுச் சரக்கு ஏற்ற விடமாட்டார்கள், கேட்டும் பயனில்லை.

வேலை நடப்பது ஒஸ்டின் குழுவில். ஐ.ஈ.ஈ.ஈ., யூனிக்ஸ் நியமத்தை வெளியிடும் ஓப்பன் குரூப், சர்வதேச நியம அமைப்புகளான ஐ.எஸ்.ஓ. மற்றும் ஐ.ஈ.சி.யின் கூட்டுக் குழுவுக்குக் கீழே வரும் 22ஆம் துணைக்குழு, இந்த மூன்று தரப்பும் ஒரே நியம வாசகத்தை வைத்து வேலை செய்வதற்காக 1998இல் தொடங்கியது. மின்னஞ்சல் பட்டியலில் சேரவோ வழுப்பதிவு போடவோ ஒரு சதமும் கட்டவேண்டாம். தொலைபேசிக் கூட்டங்களும் எவருக்கும் திறந்தவை. லண்டன் மாலை 4 மணிக்குக் கூட்டம் என்றால் நமக்குக் கோடையில் இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. காசு வரும் இடம் ஒன்றுதான்: ஐ.ஈ.ஈ.ஈ. வாக்கெடுப்பில் வாக்குப் போட அதன் நியமச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும், அல்லது அந்த வாக்கெடுப்புக்கு மட்டும் கட்டணம் செலுத்தவேண்டும். வாக்காளர் குழு முன்கூட்டியே சேர்க்கப்பட்டு மூடப்படும். வரைவைப் பார்த்த பிறகு சேரலாம் என்று இருந்தால் கதவு சாத்தியிருக்கும். 75 வீதத்தினர் வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பவேண்டும், போட்ட வாக்கில் 75 வீதம் சாதகமாக இருக்கவேண்டும்.

இனிப் பதிவு. மான்டிஸ் வழுப்பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்க எண்ணும் வரி எண்ணும் கேட்பார்கள். இணையத்தில் இலவசமாக வாசிக்கும் பக்கப் பதிப்பில் அந்த எண்கள் கிடையாது, பி.டி.எஃப். பிரதியில்தான் உண்டு. ஏறத்தாழ 4,000 பக்கப் புத்தகம் அது, நான்கு பாகம்: அடிப்படை வரையறைகள், முறைமை இடைமுகங்கள், ஷெல்லும் கட்டளைகளும், காரண விளக்கம். புதிதாக வருபவர்கள் வழுக்குவது "விரும்பும் நடவடிக்கை" என்ற கட்டத்தில். "எம்கேடெம்ப் சேர்த்தால் நல்லது" என்று எழுதினால் அது வேண்டுகோள். "இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரிக்குப் பின் கீழ்வரும் பகுதியைச் சேர்க்கவும்" என்று சொல்லி, பெயர், சுருக்கம், விளக்கம், தெரிவுகள், வெளியேறும் நிலை, காரண விளக்கம் என எல்லாத் தலைப்பையும் நிரப்பிக் கொடுத்தால்தான் முன்மொழிவு. எழுதாமல் விட்டதை வேறொருவர் உங்களுக்காக எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட பதிவுகள் கிடந்து காய்கின்றன.

எழுதும்போது மூன்று சொல்லைக் கவனமாகப் பிரியுங்கள். "வரையறுக்கப்படாதது" என்றால் அந்தப் பக்கம் போன ஸ்கிரிப்ட்டுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "குறிப்பிடப்படாதது" என்றால் ஏற்கத்தக்க நடத்தைகளில் எதையும் செய்யலாம், ஆவணப்படுத்தத் தேவையில்லை. "நடைமுறைப்படுத்துபவர் வரையறுப்பது" என்றால் எதையும் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் ஆவணத்தில் எழுதியே ஆகவேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பதிவு மூன்று கூட்டத்துக்கு இழுபடும்.

தெமட்டகொட_கேர்னல்:

மேலே சொன்னதில் விடுபட்ட ஒன்று: புதிதாகக் கண்டுபிடித்ததை உள்ளே எடுக்கமாட்டார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை எழுத்தில் வைப்பதுதான் அவர்கள் வேலை. அத்தோடு புது இடைமுகத்துக்குப் பின்னால் மூன்று தாய் அமைப்புகளில் ஒன்று ஆதரவாளராக நிற்கவேண்டும். 2008இல் ஓப்பன்அட் குடும்பம் (அடைவு ஒன்றைச் சார்ந்து கோப்புகளைக் கையாளும் சி செயற்கூறுகள்) உள்ளே வந்த விதத்தைப் பாருங்கள். ஓப்பன் குரூப் 2006இல் நான்கு பாகமாக விரிவாக்க இடைமுகங்களைத் தானே வெளியிட்டது, பிறகு அது நியமத்துக்குள் போனது.

அந்தக் கண்ணால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் எம்கேடெம்ப் தேறும். க்னூவிலும் (லினக்ஸில் வழக்கமாக வரும் கட்டளைத் தொகுதி) இருக்கிறது, பி.எஸ்.டி.களிலும் இருக்கிறது. எல்லாத் தெரிவையும் கேட்காதீர்கள். முன்னொட்டுக் கொடுக்கும் "டி" (-t) தெரிவுக்கு க்னூவில் ஒரு பொருள், மெக்கில் வேறு பொருள், அதைத் தொட்டால் விவாதம் முடியாது. அடைவு உண்டாக்கும் தெரிவு, இறுதியில் ஆறு "எக்ஸ்" (X) எழுத்துகள் உள்ள பெயர் வார்ப்புரு, இவ்விரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். இதையொத்த பெயருள்ள சி செயற்கூறுகளும் அந்த ஆறைத்தான் கேட்கின்றன. அத்தோடு நிறுத்துங்கள். பதிவு போடுமுன் பதிவேட்டில் தேடவும் வேண்டும், ஏற்கெனவே இருந்தால் இரட்டை என்று மூடுவார்கள். இருக்கும் பதிவின் கீழ் நல்ல வரைவை ஒட்டுவதுதான் பெறுமதி.

செட்டை மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். க்னூவில் காப்புப்பிரதியின் பின்னொட்டு தெரிவோடு ஒட்டித்தான் வரவேண்டும், இல்லாமலும் விடலாம். மெக்கில் அது கட்டாயம், வெறுமையாக விடுவதென்றால் தனி வெற்றுச் சொல்லாகவே கொடுக்கவேண்டும். க்னூவுக்கு எழுதிய வரியை மெக்கில் ஓட்டினால் உங்கள் திருத்தக் கட்டளையையே பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைத் திருத்தக் கட்டளையாக வாசிக்கப் பார்க்கும். இரண்டுக்கும் பொதுவான எழுத்துமுறை, வெறுமையில்லாத பின்னொட்டை ஒட்டி எழுதுவது ஒன்றுதான். செயற்கூறுக்குள் மட்டும் செல்லும் மாறியை அறிவிக்கும், ஷெல்லின் "லோக்கல்" உள்ளே வராத கதையும் இதைப்போலத்தான்: பாஷ், டாஷ் என்ற ஷெல்கள் மாறியின் எல்லையை அழைப்புச் சங்கிலி வழியே பார்க்கின்றன, கோர்ன் ஷெல் 93 அப்படிப் பார்ப்பதில்லை.

வெள்ளவத்தை_ஷெல்:

மிக்க நன்றி இருவருக்கும். செட்டை விட்டுவிடுகிறோம். பிரிண்ட்எஃப் பற்றி யாரும் தொடவில்லையே? அது பிழை என்றுதானே எடுக்கவேண்டும்? திருத்தத் தாளில் போகாதா?

கொட்டாஞ்சேனை_13:

போகாது. நியமம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, அதுதான் சிக்கல். பிரிண்ட்எஃப் கட்டளை தன் விதியை அடிப்படை வரையறைகள் பாகத்தின் 5ஆம் அத்தியாயத்திலிருந்து எடுக்கிறது. அங்கே சொற்சரத்தின் துல்லியம் பைட் கணக்கில். டாஷ் வெட்டுகிறதென்றால் சொன்னபடி நடக்கிறது என்றுதான் பொருள்.

"கொழும்பு" என்ற சொல்லையே எடுங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: கொ, ழு, ம், பு. யூனிகோட்டில் எட்டுக் குறி: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. யூ.டி.எஃப்.-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24. துல்லியம் 4 என்று கொடுத்தால் வருவது "க" முழுதாக, அதற்குப் பின் ஒகரக் குறியின் முதல் பைட் தனியாக. உங்கள் கேள்விக்குறி அந்தத் தனித்த பைட்தான்.

சரி, பைட்டை எழுத்து என்று மாற்றினால் தீருமா? பொசிக்ஸின் "எழுத்து" நடைமுறையில் யூனிகோட் குறிதான். அப்போது 4 கொடுத்தால் "கொழு" வரும். உடையாது, ஆனால் நான்கு எழுத்தும் இல்லை. 3 கொடுத்தால் "கொழ" என்று உகரம் கழன்று வேறு சொல்லாகிவிடும். 5 கொடுத்தால் "கொழும", புள்ளி போய்விட்டது. இன்னும் ஒன்று: யாராவது "கொ"வைக் கொம்பும் அரவும் தனித்தனிக் குறியாகத் தட்டியிருந்தால் அதே சொல் ஒன்பது குறி, 27 பைட். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே மாற்றம் வந்தாலும் உங்கள் பற்றுச்சீட்டு நிரல் நேராகாது. வராததற்குக் காரணமும் இருக்கிறது. நிலையான பைட் அகலத்தில் பதிவுகளை எழுதும் ஸ்கிரிப்ட்டுகள் இன்றைய விதியை நம்பியே ஓடுகின்றன, விதியை மாற்றினால் சரியாக எழுதியவர்கள் உடைவார்கள். இசட்-ஷெல் தன் இயல்பான நிலையில் எழுத்தாக எண்ணுகிறது, உரையைப் பிரித்துக் கையாளும் க்னூ ஓக் கட்டளையும் அப்படியே. ஓக்கின் பிரிண்ட்எஃபும் அதே 5ஆம் அத்தியாயத்தைத்தான் காட்டுவதால், அங்கே ஒரு சொல்லை மாற்றினால் மூன்று நான்கு கட்டளைகளின் நடத்தை ஒன்றாக மாறும். முன்மொழிவில் அவை ஒவ்வொன்றையும் தேடிப் பட்டியலிட வேண்டியிருக்கும்.

தேறக்கூடிய வடிவம் இது: பழைய விதியைத் தொடாமல், எழுத்தாக எண்ணும் தனி வடிவக் குறி ஒன்றைக் கேளுங்கள், அதுவும் இரண்டு ஷெல்களிலாவது முதலில் ஓடவேண்டும். அதாவது முதல் வேலை ஷெல் பராமரிப்பாளர்களிடம், ஒஸ்டினிடம் அல்ல. அதுவரைக்கும் வெட்டுவதை ஷெல்லில் செய்யாமல், கொ, ழு போன்ற முழு எழுத்தின் எல்லையை அறிந்த நூலகம் உள்ள மொழியில் செய்யுங்கள். வரியின் பகுதியை வெட்டியெடுக்கும் கட் கட்டளையை நம்பவேண்டாம். எழுத்துத் தெரிவைக் கொடுத்தாலும் க்னூ கட் நெடுங்காலமாகப் பைட்டாகவே வெட்டி வந்திருக்கிறது.

மருதானை_நியமம்:

கட்டளைகள் நிறுவனம் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஐ.எஸ்.ஓ.வில் இலங்கையின் உறுப்பினர் அவர்கள்தான், எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. தொழில்நுட்பச் சண்டையை அவர்கள் ஊடாகப் பிடிக்கப் போகாதீர்கள். ஐ.எஸ்.ஓ. சுற்று வரும்போது நியம வாசகம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அந்த வழி உதவுவது நாட்டின் வாக்கோடு கருத்து அனுப்புவதற்கு. அதற்கு ஒரு அட்டவணைப் படிவம் உண்டு: பிரிவு எண், பந்தி, கருத்தின் வகை (பொது, தொழில்நுட்பம், பதிப்பு), கருத்து, முன்மொழியும் மாற்றம். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்தக் கருத்தால் பயனில்லை.

திட்டம் போடும்போது சி மொழியின் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். 2008 பதிப்பு சி99இல் நின்றது. சி11 வந்தும் திருத்தத் தாள்களில் அதை ஏற்ற முடியவில்லை, அணு மாறிகளும் சி நூலிழைகளும் 2024 வரை காத்திருந்தன, வரும்போது சி17 வழியாக வந்தன. அந்த 2024 ஜூன் பதிப்பு வெளியாகிச் சில மாதங்களில் ஐ.எஸ்.ஓ. சி23ஐ வெளியிட்டது. அடுத்த பதிப்பு எந்த சி மேல் நிற்கும் என்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்கவேண்டியது, கட்டளைப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

நீக்கலும் அப்படித்தான் மெதுவாக நடக்கும். கெட்டைம்ஆஃப்டே, கெட்ஸ், யூடைம் என்ற மூன்று சி செயற்கூறுகளுக்கும் 2008இல் "வழக்கொழிந்தது" என்று குறி போட்டார்கள், எடுத்தது 2024இல். உங்கள் பழைய சி நிரல்களில் இவை கிடந்தால், எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொல்லும் மூலநிரல் மாறிலியை (_POSIX_C_SOURCE) 202405 என்று உயர்த்துமுன் ஒருதரம் தேடிப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தை_ஷெல்:

விளங்கிவிட்டது. எம்கேடெம்ப்பை மட்டும் எடுக்கிறோம், அடைவுத் தெரிவும் வார்ப்புருவும் மட்டும். இந்த வாரம் பதிவேட்டில் தேடிவிட்டு, பி.டி.எஃப். பக்க எண்ணோடு வரைவை இங்கேயே ஒட்டுகிறேன். தயவுசெய்து கிழித்துத் தாருங்கள்.

தெமட்டகொட_கேர்னல்:

ஒட்டுங்கள். உண்டாக்கும் கோப்பின் அனுமதி உரிமையாளருக்கு மட்டும் வாசிக்க, எழுத என்று இருக்கவேண்டும், அதை விளக்கத்தில் எழுத மறக்கவேண்டாம். வார்ப்புருவே தராமல் அழைத்தால் கோப்பு எந்த அடைவில் வரும் என்றும் கேட்பார்கள், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.