டாக்டர் தவறிய பிறகும் அவர் சீட்டோடு வருகிறவர்கள்

நான் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை பார்மசிஸ்ட். எங்கள் பக்கத்தில் பாதி ஊருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் காலமாகிவிட்டார். அதற்கப்புறமும் அவருடைய சீட்டோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, மேலே செல்லோ டேப் ஒட்டிய சீட்டு. "அவர் எழுதினதுதானே தம்பி, அதையே குடுங்க."

1945 மருந்து விதிகளில் 65-வது விதி இதில் தெளிவாகவே இருக்கிறது: ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டரே அதில் எழுதியிருந்தால்தான் மறுபடி, அதுவும் அவர் சொன்ன தடவை, சொன்ன இடைவெளிப்படி. டாக்டர் இருந்தவரை சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்போம், ஆளை அனுப்பிப் புதுச் சீட்டு வாங்கிவரச் சொல்வோம். இப்போது அந்த வழியும் இல்லை.

ஒருநாள் பெரியவர் ஒருவர் அல்பிரஸோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை கேட்டு வந்தார். அதே டாக்டரின் லெட்டர்பேட், ஆனால் தேதி அவர் இறந்த பிறகு, கையெழுத்தும் வேறு. கிளினிக்கில் இருந்த யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, தனிக் கணக்கு வைக்க வேண்டிய பட்டியலில் உள்ளது, அட்டையிலேயே சிவப்புக் கட்டம் இருக்கும். எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இறந்தவர் பெயரை இன்றைய தேதியில் எப்படி எழுதுவது? முடியாது என்றேன்.

ஆனால் அத்தோடு அனுப்பிவிடவும் கூடாது. வருடக்கணக்காகச் சாப்பிட்ட அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். பெரியவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தெரிந்த டாக்டர் ஒருவருக்குப் போன் போட்டு அன்று சாயங்காலமே அனுப்பிவைத்தேன். அவர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற மாதிரி புதுச் சீட்டு எழுதினார், அதற்கு மருந்து கொடுத்தேன்.

மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்ட டாக்டர் அதற்குப் பிறகு எழுதுகிற சீட்டும் இப்படித்தான், பதிவு இல்லாதவர் எழுதினால் அது சீட்டே இல்லை.

பிரஷர், சுகர்காரர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன். அங்கே மருந்து இலவசம், 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். போகும்போது பழைய சீட்டையும் காலி அட்டையையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், புது டாக்டருக்கு என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அதிலிருந்துதான் தெரியும்.