மாசம் 6,000 ரூபாயில் மளிகை, காய்கறி: எதை மொத்தமா வாங்குறது, எப்படி வைக்கிறது?

வில்லாபுரம்வாசி:
வீட்டில் 4 பேர். பெரியவங்க 2, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க 2. அரிசி கார்டு இருக்கு. பாலும் கேஸும் போக மளிகைக்கும் காய்கறிக்கும் 6,000 ரூபாய்தான் ஒதுக்க முடியுது. முதல் தேதி ஒரேயடியா வாங்கிப் போட்டாலும் 20ஆம் தேதிக்குள்ள எண்ணெயும் பருப்பும் காலியாயிடுது. மிச்சம் இருக்கிற அரிசியில வண்டு. நம்ம மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகள்ல எடுத்தா கட்டுப்படியாகுமா?

மதிச்சியம் அக்கா:
முதல்ல ரேஷனை வாங்கிட்டு, அதுக்கப்புறம் லிஸ்ட் எழுதுங்க. அரிசி விலையில்லாம வந்துடும். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. இந்த விலைக்கு வெளியில எந்தக் கடையிலயும் கிடைக்காது. ரேஷன் புழுங்கல் அரிசி சோத்துக்குப் பிடிக்கலைன்னா இட்லிக்குப் போடுங்க, நல்லா வரும். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து.

4 பேருக்கு ஒருவேளை சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போதும். வாரம் 5 நாள் வச்சா மாசம் 2 கிலோ. ஒரு கிலோ ரேஷன்ல வந்துடுது, கடையில ஒரு கிலோதான். எண்ணெய் பாமாயிலோட சேர்த்து 3 லிட்டர். மூணு பாக்கெட்டையும் ஒரே தூக்குல ஊத்தாதீங்க. 1, 11, 21ஆம் தேதின்னு ஒவ்வொண்ணா உடைங்க. தூக்கு நிறைய இருந்தா கை தானா தாராளமாயிடும், 20ஆம் தேதி தீர்ந்துபோறது அதனாலதான்.

மாசிவீதி மளிகை:
கீழமாசி வீதி எல்லாச் சாமானுக்கும் லாபம் கிடையாதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வாங்க வேண்டியது புளியும் மிளகாய் வத்தலும்தான். மாசி, பங்குனியில புதுச் சரக்கு இறங்கும்போது எடுங்க. மாசம் அரைக் கிலோ கணக்குல புளி 6 கிலோ, வத்தல் 4 கிலோ. அதுக்குன்னு மாசம் 300 ரூபாய் தனியா எடுத்து வச்சுட்டே வந்தாத்தான் அந்த நேரத்துல கையில காசு இருக்கும்.

கொட்டைப் புளி விலை குறைச்சலா இருக்கேன்னு எடுக்காதீங்க. எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல கொட்டையும் நாருமா போயிடும். அதைக் கழிச்சுட்டு, கொட்டை எடுத்த புளியோட விலையை ஒப்பிட்டுப் பாருங்க. வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் வெயில்ல போட்டு, மண்பானையில இல்லைன்னா பீங்கான் ஜாடியில கல் உப்பு ஒரு அடுக்கு, புளி ஒரு அடுக்குன்னு அமுக்கி வைக்கணும். தகரம், அலுமினியம் கூடவே கூடாது, புளிப்பு அரிச்சுடும்.

வத்தலைக் குலுக்கினா விதை கலகலன்னு சத்தம் வரணும். வரலைன்னா உள்ள ஈரம் இருக்கு. தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீங்க, அப்புறம் பூஞ்சையும் பிடிக்கும்.

உளுந்தை ரெண்டு மாசத்துக்கு மேல சேர்த்து வைக்காதீங்க. பழசானா மாவு காணாது, இட்லி கல்லாயிடும். நிலக்கடலை காறிப்போகும். ரவை, மைதா எல்லாம் அந்தந்த மாசத்துக்கு மட்டும்.

செல்லூர் சமையல்கட்டு:
வண்டு பத்தி யாரும் சொல்லலையே. அது அரிசிக்கு உள்ளேயே முட்டை வைக்கிற பூச்சி. குடோன்லேர்ந்தே வந்துடுது, அதனால மூடி எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் உள்ளுக்குள்ள பொரிக்கும். அரிசியை நிழல்ல பரப்புங்க, வண்டு தானா வெளியேறும். பிறகு சல்லடையில சலிச்சுடுங்க. சித்திரை வெயில்ல காயப்போட்டா அரிசி வெடிச்சு நொய்யாயிடும், சோறு குழையும். பழைய அரிசி மேல புதுசைக் கொட்டுறதுதான் பெரிய தப்பு. டிரம்மைக் கழுவிக் காயவச்ச பிறகுதான் புதுசு. வேப்பிலை போட்டா நல்லா சருகா காய்ஞ்சதா போடுங்க, பச்சை இலையில ஈரம் இருக்கும்.

பருப்புக்கு விளக்கெண்ணெய். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு பருப்பிலயும் படுற மாதிரி கையால பிசறி வைங்க. வேகவைக்கிறதுக்கு முன்னாடி வெந்நீர்ல கழுவிட்டா வாடை தெரியாது. ரவையை வெறும் சட்டியில வறுத்து, முழுசா ஆறின பிறகுதான் டப்பாவுல போடணும். சூட்டோட மூடினா ஆவி இறங்கிக் கட்டி தட்டிடும்.

அண்ணாநகர் கூடை:
காய்கறிக்கு உழவர் சந்தை போங்க. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14இல் நம்ம அண்ணாநகர்லதான் திறந்தாங்க. அன்னன்னைக்கு விலை பலகையில எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டியதில்லை. வாரம் ரெண்டு தடவை போதும். கிளம்புறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. முகூர்த்தத்தை ஒட்டின நாள்ல கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் ஏறிடும்.

சின்ன வெங்காயத்தைக் காத்தோட்டமா தரையில பரப்பணும், பக்கத்துல உருளைக்கிழங்கு வேண்டாம். ரெண்டும் ஒண்ணா இருந்தா சீக்கிரம் முளைக்கும், அழுகும். பச்சைமிளகாய்க் காம்பைக் கிள்ளிட்டு வைங்க. தேங்காய் உடைச்சா கண் இருக்கிற மூடியை முதல்ல செலவழிங்க, அதுதான் முதல்ல வழுவழுன்னு ஆகும்.

வில்லாபுரம்வாசி:
ரொம்ப நன்றிங்க. எண்ணெய் 15 கிலோ டின்னா எடுத்துட்டா?

மாசிவீதி மளிகை:
உங்க வீட்டுக்கு வேண்டாம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், அப்போ 15 கிலோ டின்ல 16 லிட்டருக்கு மேல வரும். அஞ்சு மாசத்துக்கு ஓடும். திறந்த டின்ல காத்துப் பட்டுப் பட்டு, கடைசியில சிக்கு வாடை வந்துடும். தெருவுல நாலு வீடு சேர்ந்து வாங்கி அன்னைக்கே பிரிச்சுக்கிட்டா சரி. அப்பவும் பிடிக்கிற பாத்திரத்துல சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பாக்கெட் வாங்கும்போதும் கிராமைப் படிங்க. எல்லாப் பாக்கெட்டும் ஒரே அளவுல இருந்தாலும் உள்ள இருக்கிறது 800 கிராமா 910 கிராமான்னு பார்த்துட்டு விலையைக் கணக்குப் போடுங்க.