ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானா?

வைகைக்கரையான்:
என் தாய்மாமாவுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. வரும் மாசியோடு 14 வருஷம் முடிகிறது. வந்துவிடுவார் என்று அத்தை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டார். ஊரில் ஒருவரோ, ஜெயிலில் பகலும் இரவும் தனித்தனி நாள், 7 வருஷத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்கிறார். எது சரி?

பழைய குமாஸ்தா:
பகல் இரவுக் கணக்கு டீக்கடைக் கதை, விட்டுவிடுங்கள். ஆயுள் என்றால் சாகும் வரைதான். ஆயுள் என்றால் 20 வருஷம்தான் என்று சொல்லி, காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே உச்ச நீதிமன்றம் போனபோதே, 1961ல், இதைச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் 1978ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு வந்தது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 வருஷம் முடியாமல் அரசு விடக் கூடாது என்கிறது அது (புதிய சட்டத்தில் 475). 14 வருஷம் முடிந்தபின் பரிசீலிக்கலாம், அவ்வளவே. நன்னடத்தைக்காகக் கழித்துத் தரும் நாட்கள் இந்த 14ல் சேராது, விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும்.

மலர்:
ஆனால் எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டி 2018ல் 10 வருஷம் முடித்தவர்களையே விட்டார்களே?

பழைய குமாஸ்தா:
அது அரசியலமைப்பின் 161வது பிரிவு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு அதிகாரம், 433ஏ அதைக் கட்டுப்படுத்தாது. அதிலும் சில குற்றங்களுக்கு விலக்கு உண்டு. எனக்கு இந்த முறையே பிடிக்காது. ஒரே குற்றம் செய்த இருவரில் ஒருவருக்கு விழா வாய்க்கிறது, இன்னொருவருக்கு வாய்ப்பதில்லை. ஆளுநர் கிடப்பில் போட்டால் அதுவும் இல்லை: ராஜீவ் கொலை வழக்குப் பேரறிவாளனை விடச் சொல்லி அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது, கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் விட்டது.

கரிசல்காரன்:
பறிகொடுத்த வீட்டையும் கொஞ்சம் நினையுங்கள். குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை குஜராத் அரசு விடுவித்தது. தண்டனை கொடுத்த நீதிமன்றம் மகாராஷ்டிராவில் இருப்பதால் குஜராத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, திரும்ப உள்ளே போகச் சொன்னது.

வைகைக்கரையான்:
சரி, மனு நாங்கள் போட வேண்டுமா?

பழைய குமாஸ்தா:
தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கும் முன்விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலம் மனு இல்லாமலே தகுதியானவர்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஒன்று போட்டு வையுங்கள். அதற்கு முன் மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் படியுங்கள், 'தண்டனைக் குறைப்பு இல்லாமல்' இத்தனை வருஷம் என்று உயர் நீதிமன்றம் எழுதியிருந்தால் 14 வருஷக் கணக்கு உதவாது.

வைகைக்கரையான்:
நகல் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். வெள்ளையடிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, எப்படியும் பொங்கலுக்கு அடிக்க வேண்டியதுதானே.