சின்ன வியாபாரத்துக்கு மெயில் லிஸ்ட்: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

காரைக்குடி, கைத்தறிப் புடவை

வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களிடம் கண்டாங்கிப் புடவை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர், கோலாலம்பூர், நியூ ஜெர்சி என்று வெளியே இருப்பவர்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேலை மாறினால் நாடு மாறுகிறது, நாடு மாறினால் போன் நம்பர் மாறுகிறது. மெயில் ஐடி மட்டும் கல்லூரிக் காலத்தில் தொடங்கியதே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நாங்கள் மெயில் பக்கம் போனோம்.

முதல் வேலை சொந்த டொமைன், அதாவது மெயில் ஐடியில் @ குறிக்குப் பின்னால் வரும் நம் சொந்தப் பெயர். கடைப் பெயரில் ஒரு ஜிமெயில் ஐடி வைத்துக்கொண்டு அதையே மொத்தமாக அனுப்பும் சேவைகளில் போட்டு அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். அது இப்போது நடக்காது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் ஒரு நாளைக்கு 500 பேர்தான் எல்லை. வேறு சேவை வழியாக ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்பினால், அது போலி என்று சந்தேகப்பட்டு ஸ்பாமில் தள்ளிவிடுகிறார்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு .இன் டொமைன் கிடைக்கிறது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டொமைன் வாங்கியதும் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்த டொமைன் பற்றிய விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி பதியும் இடத்தில், மூன்று பதிவுகள் போட வேண்டும். எஸ்பிஎஃப் என்பது எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது. டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி எங்கள் டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். மூன்றாவது டிமார்க். மேலே சொன்ன இரண்டில் ஒன்றுகூட எங்கள் டொமைனோடு பொருந்தாத மெயிலை என்ன செய்வது, அறிக்கையை எங்கே அனுப்புவது என்று அது சொல்லும். டிமார்க்கை முதலில் ‘எதுவும் செய்ய வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு’ என்ற நிலையில் வையுங்கள். அறிக்கையில் நம் சொந்த மெயில்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்த பிறகு ‘ஸ்பாமில் போடு’, அப்புறம் ‘திருப்பி அனுப்பு’ என்று இறுக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. வெப்சைட் செய்து கொடுத்தவர், அலுவலக மெயிலுக்கு ஒரு எஸ்பிஎஃப், மொத்தமாக அனுப்பும் சேவைக்கு இன்னொரு எஸ்பிஎஃப் என்று இரண்டு தனித்தனிப் பதிவுகள் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஆர்டர் ரசீதுகூட ஸ்பாமுக்குப் போனது. இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்த பிறகுதான் சரியானது. மெயில் போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. உண்மையான வேலை லிஸ்ட்தான். அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

பழைய பில்களில் எங்களிடம் நிறைய மெயில் ஐடி இருந்தன. ஆனால் அவை பார்சல் எங்கே வருகிறது என்று சொல்வதற்காக வாங்கியவை. புதுச் சரக்கைப் பற்றி எழுதலாம் என்று சொல்லி யாரும் தரவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் பார்சல் பற்றிய மெயிலிலேயே ஒரு வரி சேர்த்தோம்: ‘புதுப் புடவை தறியிலிருந்து இறங்கும்போது உங்களுக்கு எழுதலாமா?’ ஆம் என்று அழுத்தியவர்களை மட்டும் சேர்த்தோம். லிஸ்ட் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கு வருத்தம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் போன் செய்து, அமெரிக்காவில் புடவை வாங்கும் பெண்கள் என்று பிரித்து வைத்த ஒரு லட்சம் மெயில் ஐடி இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஜிமெயில், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது, 0.1க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளில் சில, நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மட்டும். இந்தப் புகார் வரம்பு நம்மைப் போன்ற சின்னவர்களுக்கும் உண்டு. 600 பேர் இருக்கும் லிஸ்டில் இரண்டு பேர் ‘ஸ்பாம்’ என்று அழுத்தினாலே வரம்பு தாண்டிவிடுகிறது. கேட்காதவர்களுக்கு அனுப்பினால் எத்தனை பேர் அழுத்துவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அது மட்டுமில்லை, விலைக்கு வரும் லிஸ்டுகளில் யாருக்கும் சொந்தமில்லாத பொறி முகவரிகளும் கலந்திருக்கும். ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்டவை அவை. அதில் சிக்கினால் நம்மை ஆசையாகக் கேட்டுச் சேர்ந்தவர்களுக்கும் மெயில் போய்ச் சேராது.

சேர்ந்தவர்களுக்கு என்ன எழுதினோம் என்றால், ஒரு மெயிலில் ஒரே ஒரு புடவை. என்ன கட்டம், எந்தக் கரை, என்ன நூல், தறியில் எத்தனை நாள் இருந்தது. ஒரு போட்டோ. தள்ளுபடிப் பட்டைகளும் பத்துப் படங்களும் உள்ள அழகான டெம்ப்ளேட்டையும் முயன்று பார்த்தோம். சாதாரணக் கடிதம் போல எழுதியதற்குத்தான் பதில் வந்தது. ‘இந்த மெயிலுக்குப் பதில் அனுப்பாதீர்கள்’ என்று போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்களுக்குப் பதில்கள்தான் வியாபாரமே.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தன் அப்பத்தா கட்டியிருந்த கண்டாங்கியின் பழைய போட்டோவை அனுப்பி, இதே அரக்கும் மஞ்சளும் கலந்த கட்டம் கிடைக்குமா என்று கேட்டார். நெசவாளரிடம் காட்டினோம், போட முடியும் என்றார். ஒரு புடவைக்காகப் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஓட்ட முடியாது. அதனால் அந்தப் போட்டோவை, அவரிடம் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் அனுப்பினோம். பாவு கொள்ளும் அளவுக்கு ஆர்டர் சேர்ந்த பிறகு தறியில் ஏற்றினோம். இப்போது எங்களுக்கு இதுதான் நடைமுறை. என்ன நிறம் ஓடும் என்று ஊகித்து நெய்து அடுக்கி வைத்த காலம் போய், கேட்டுவிட்டு நெய்கிறோம். நெசவாளருக்கும் முன்பணம் கொடுக்க முடிகிறது. 2019இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பரவியது, போலியும் பரவியது. அதனால் எந்தத் தறியில் நெய்தது என்று நேராக எழுதிச் சொல்வதற்கு மதிப்பு இருக்கிறது.


திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. நாங்கள் எழுதுவது கம்பெனிகளில் கொள்முதல் செய்கிறவர்களுக்கு, அதிலும் ஐரோப்பாவுக்கு. அங்கே 2018 மே மாதத்திலிருந்து ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஜெர்மனியில் போட்டிச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்தாலும் முன் சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் போடக் கூடாது. கண்காட்சியில் விசிட்டிங் கார்டு கொடுத்தார், அதனால் சம்மதம் என்று இங்கே நினைத்துக்கொள்கிறோம். அங்கே அது போதாது. நாங்கள் கார்டு கொடுத்தவருக்கு அன்று பேசியதைக் குறிப்பிட்டுத் தனி மெயில் எழுதுகிறோம். அதில் ஒரு லிங்க், அதை அவர் அழுத்தி உறுதி செய்தால் லிஸ்டில் சேர்ப்போம். எந்தத் தேதியில் உறுதி செய்தார் என்பதையும் பதிந்து வைக்கிறோம்.

விளம்பர மெயில் பற்றிய அமெரிக்காவின் 2003ஆம் வருடச் சட்டம் இவ்வளவு கடுமை இல்லை. ஆனால் தபால் முகவரி மெயிலில் இருக்க வேண்டும், விலகுகிறேன் என்றவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும்.

இன்னொன்று. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, யாரும் படிக்காத மெயில்கூடத் திறந்ததாகக் காட்டும். சாம்பிள் கேட்டு எத்தனை பேர் எழுதினார்கள், அதுதான் கணக்கு.


கோவில்பட்டி, கடலை மிட்டாய்

காரைக்குடி அக்கா சொன்ன லிஸ்ட் விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். நான் செலவுப் பக்கம் சொல்கிறேன். மாதச் சந்தா கட்டும் சேவைகளில் லிஸ்ட் வளர வளரக் கட்டணம் ஏறுகிறது. பண்டிகைக்கு மட்டும் அனுப்புகிற எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அதனால் லிஸ்ட்மங்க் போட்டோம். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவின் கைலாஷ் நாத் எழுதி இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. சின்ன வாடகை சர்வரிலேயே நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்த சர்வரிலிருந்து நேரடியாக மெயில் அனுப்ப நினைக்காதீர்கள். பல இடங்களில் மெயில் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருப்பார்கள். அனுப்பும் வேலையை மட்டும் அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ்ஸிடம் விட்டோம். ஆயிரம் மெயிலுக்குப் பத்து சென்ட்.

அதிலும் எடுத்தவுடன் விட்டுவிட மாட்டார்கள். ஆரம்பத்தில் 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் நாம் முன்பே சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். முழு அனுமதி கேட்டு எழுதும்போது லிஸ்ட் எப்படிச் சேர்த்தீர்கள், திரும்பி வரும் மெயிலை என்ன செய்வீர்கள் என்று விளக்க வேண்டும். பில் போடும்போது கேட்டுச் சேர்த்ததை அப்படியே எழுதினோம், கிடைத்துவிட்டது. திரும்பி வருபவை 5 சதவீதம் ஆனால் கணக்கைக் கண்காணிப்பில் வைப்பார்கள், 10 ஆனால் நிறுத்தியே விடலாம். அதனால் திரும்பி வந்த முகவரி தானாக லிஸ்டிலிருந்து போகும்படி முதல் நாளே இணைத்துவிடுங்கள்.

கணினி தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம். அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில்தான். அப்படிப்பட்டவர்களுக்கு ஜோஹோ கேம்பெய்ன்ஸ் மாதிரி எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்றே நிம்மதி.

அக்காவிடம் ஒரு கேள்வி: ரொம்ப நாளாக எதையும் வாங்காமல், பதிலும் போடாமல் இருப்பவர்களை என்ன செய்கிறீர்கள்?


சென்னை, சிறு பதிப்பகம்

தமிழில் மெயில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயங்கள். ஒன்று, தலைப்பு வரி. போன் திரையில் நான்கைந்து தமிழ்ச் சொற்கள்தான் தெரியும், மீதி வெட்டுப்படும். ‘எங்கள் பதிப்பகத்தின் சார்பில் அன்பான வணக்கம்’ என்று தொடங்கினால் நூலின் பெயர் கண்ணில் படவே படாது. நூலின் பெயரை முதலில் வையுங்கள்.

இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மெயிலின் எழுத்தும் வடிவமும் சேர்ந்து 102 கேபி அளவைத் தாண்டினால் ஜிமெயில் அதை நறுக்கி, ‘முழுவதையும் பார்க்க’ என்று ஒரு லிங்க் போட்டுவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘கொ’ மாதிரி எழுத்துக்கு இரண்டு குறியீடுகள். நாவலின் முதல் அத்தியாயத்தை முழுதாக மெயிலிலேயே வைத்தால், அதுவும் கனமான டெம்ப்ளேட்டில், அளவு சீக்கிரம் எட்டிவிடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி. விலகுவதற்கான லிங்க் இருப்பதும் அடியில்தான். விலக நினைத்தவருக்கு வழி தெரியாவிட்டால் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். அதனால் நாங்கள் மூன்று பத்தி மட்டும் வைத்து, மீதிக்கு வெப்சைட் லிங்க் தருகிறோம். விலகும் லிங்க்கை மேலேயும் ஒரு முறை போடுகிறோம்.

புத்தகக் காட்சியில் நோட்டில் எழுதி வாங்கும் மெயில் ஐடிகளில் நிறைய திரும்பி வரும், கையெழுத்து அப்படி. ஸ்டாலில் ஒரு டேப்லெட் வைத்து வாசகர்களையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். 2023இல் நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று அந்தத் திரையிலேயே தமிழில் எழுதி வைப்பது நல்லது.


காரைக்குடி, கைத்தறிப் புடவை

கோவில்பட்டித் தம்பிக்கு: ஒரு வருடம் எந்த அசைவும் இல்லாதவர்களுக்கு, பொங்கல் கழிந்து கூட்டம் குறையும் நேரத்தில், ஒரே ஒரு கடிதம் எழுதுவோம். ‘தொடர்ந்து எழுதட்டுமா?’ என்று மட்டும் கேட்போம், படம் கிடையாது, விலை கிடையாது. ஆம் என்பவர் தொடர்வார். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் பொறுத்து நீக்கிவிடுவோம், அவருடைய பில் விவரம் மட்டும் கணக்குக்காக இருக்கும். வருடக்கணக்காகத் தொடாத முகவரிகளைச் சில சமயம் பொறி முகவரிகளாக மாற்றிவிடுகிறார்கள் என்பதால் இதைத் தள்ளிப் போடுவதில்லை. நீக்கப்பட்டவர்களில் சிலர் பிறகு தாங்களாகவே எழுதி, ஏன் இப்போதெல்லாம் கடிதம் வருவதில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டோம்.