ஈசிஎம் கப்ளரில் வயர் தேடி லாகர் மாட்டியவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

எஸ்டீம்_பிரியன்:

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வெள்ளிக்கிழமை காலை பிராக்டிஸ். வியாழன் இரவு ஒன்பதரை மணிக்கு நானும் கூட்டாளியும் இன்னும் வயர்தான் தேடிக்கொண்டிருந்தோம். வண்டி எங்கள் இருவருக்கும் பொது. லாகர், அதாவது வண்டி ஓடும்போது அளவுகளைப் பதிவு செய்யும் பெட்டி, செகண்ட் ஹேண்டில் வந்தது. ஜிபிஎஸ் அதற்குள்ளேயே இருந்தது, அதனால் வேகமும் லேப் டைமும் சும்மாவே வந்துவிடும். ஈசிஎம்மிலிருந்து, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரிலிருந்து, எடுக்க வேண்டியது ஆர்பிஎம், திராட்டில், கூலன்ட் டெம்பரேச்சர் மூன்றும்தான்.

அவன் டேஷ்போர்டு இருந்த இடத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். வெளியே நான், ஒரு கையில் டார்ச், ஒரு கையில் வயரிங் படத்தின் ஜெராக்ஸ். ஆர்பிஎம் வயர் சிரமமில்லாமல் கிடைத்தது. திராட்டில் வயருக்கு, “மேல் வரிசை, இடது பக்கத்திலிருந்து மூணாவது” என்றேன். சாவி ஆனில் இருந்தது, வோல்டேஜ் பார்க்க வேண்டுமே. அவன் ஈசிஎம்மில் சொருகும் கப்ளரின் பின்பக்கமாகக் குண்டூசியை நுழைத்தான். நுழைத்த ஊசி சரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டது. சின்னதாக ஒரு பொறி, அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை.

சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வழக்கமாக ரிலே ‘டிக்’ என்னும், பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகும். அன்றைக்கு இரண்டுமே இல்லை. செக் லைட்டும் எரியவில்லை. பக்கத்து பிட்டில் யாரோ ஏர் கம்ப்ரஸர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக் காதை சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன்.

“மச்சான், கை வழுக்கிடுச்சுடா” என்றான்.

வேறொரு டீமில் கெஞ்சி ஒரு ஸ்பேர் ஈசிஎம் வாங்கி மாட்டி ஓட்டினோம். எரிந்ததற்கு ஒன்பதாயிரம் ஆனது, பாதியை அவன் கொடுத்தான். ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் சாவி போட்டால் அந்த ‘டிக்’ கேட்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள்.

செட்டிபாளையம்_ரிட்டர்ன்ஸ்:

குண்டூசியா? படிக்கும்போதே எனக்குக் கை கூசியது. மல்டிமீட்டருக்கென்றே மெல்லிய பின்-புரோப் கடையில் கிடைக்கிறது ஐயா.

சரி, என் கதை. எங்கள் வண்டியில் கூலன்ட் சென்சார் வயரிலிருந்தே லாகருக்கு ஒரு கிளை எடுத்தேன். லாகர் செட்டிங்கில் ‘டெம்பரேச்சர் சென்சார்’ என்று ஒரு ஆப்ஷன் இருந்தது, அதைப் போட்டேன். கரி ஸ்பீட்வேயில் இரண்டாவது செஷன். ஸ்ட்ரெய்ட்டில் வண்டி கடந்து போனாலே பெட்ரோல் நாற்றம். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. இரண்டு வாரம் இன்ஜெக்டரைக் கழுவினோம், ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரை மாற்றினோம், பெட்ரோல் பங்கைக்கூடத் திட்டினோம்.

கடைசியில் ஐட்லிங்கில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது மெக்கானிக் அண்ணன் கை நுழைக்க இடமில்லையென்று லாகரின் கப்ளரை வெடுக்கென்று பிடுங்கினார். அந்த நொடியே எஞ்சின் சத்தம் மாறிவிட்டது. பிடுங்கின கப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

விஷயம் இதுதான். அந்த சென்சார் வெறும் ரெசிஸ்டர், சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். ஈசிஎம் தன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதற்கு 5 வோல்ட் கொடுத்து, நடுவில் என்ன வோல்டேஜ் நிற்கிறது என்று பார்க்கிறது. நான் போட்ட ஆப்ஷன் லாகருக்குள்ளிருந்தும் இன்னொரு 5 வோல்ட்டை அதே வயருக்கு அனுப்பிவிட்டது. வோல்டேஜ் ஏறியது. 85 டிகிரியில் ஓடுகிற எஞ்சினை ஈசிஎம் ‘இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது’ என்று நினைத்து பெட்ரோலை ஊற்றித் தள்ளியது. இப்போது லாகருக்குத் தனி சென்சார். ஈசிஎம்மின் கூலன்ட் வயரை நான் தொடுவதே கிடையாது.

மூணாம்_வருஷம்_மெக்:

நாங்கள் காலேஜ் டீம், மாணவர்கள் கட்டும் ரேஸ் வண்டிகளுக்கான ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கட்டிய வண்டி. சிங்கிள் சிலிண்டர் பைக் எஞ்சின். ஆர்பிஎம் வேண்டுமென்று, எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் இரண்டு வயரிலும் லாகரை நேரடியாக இணைத்தோம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது, குளிர் என்று சொல்லிக்கொண்டோம் (கோயம்புத்தூர் ஜனவரிதானே). அக்ஸிலரேஷன் ஈவென்ட் வெறும் 75 மீட்டர். பாதி தூரத்தில் வண்டி ‘டப் டப்’ என்று மிஸ் அடித்து, சைக்கிள் வேகத்தில் ஃபினிஷ் லைனைத் தாண்டியது. டிரைவர் சீனியர் அண்ணா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றிரவு லாகர் டேட்டாவைத் திறந்தால் ஆர்பிஎம் கோடு 7,000 தாண்டியதும் மடமடவென்று விழுகிறது, ஏறுகிறது, விழுகிறது. லாகர் எங்களுக்குக் காட்டிய முதல் உருப்படியான விஷயமே அதுதான். விழ வைத்ததும் அந்த லாகரேதான். வயரை வெட்டினதும் சரியாகிவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்கு முழுசாகப் புரியவில்லை. அண்ணாவிடம் அதைப் பற்றிப் பேசவும் தைரியம் வரவில்லை.

கரண்டு_வேலை_22_வருஷம்:

தம்பி, அது காந்த வகை சென்சார். தானே கரண்டு உண்டாக்குகிற சின்ன டைனமோ மாதிரி. ஆர்பிஎம் ஏற ஏற அதன் வோல்டேஜும் ஏறும். மெல்லிய சிக்னல், அதில் இன்னொருத்தன் வாய் வைத்து உறிஞ்சினால் ஈசிஎம்முக்கு வடிவம் கெட்டுப்போய்ச் சேரும். அந்த இரண்டு வயரில் ஒன்றை லாகர் எர்த்தோடு சேர்த்திருந்தால் இன்னும் மோசம். உங்கள் சீனியர் மேல் தப்பில்லை என்று போய்ச் சொல்லுங்கள்.

என் அனுபவம் சின்னது. கற்றுக்கொண்ட புதிதில் டெஸ்ட் லேம்ப் போட்டு ஈசிஎம் வயர் தேடி ஒரு முதலாளியின் வண்டியை நிறுத்திவிட்டேன். மூன்று மாதச் சம்பளம் போச்சு. லேம்ப் கரண்டு இழுக்கும், மல்டிமீட்டர் இழுக்காது. அப்போது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் படத்தை நம்பாதீர்கள். ரேஸ் வண்டி நாலு கை மாறியிருக்கும், நாலு பேரும் ஆளுக்கொரு ஜாயின்ட் போட்டிருப்பார்கள். பேப்பரில் நீங்களே கட்டம் போட்டு, ஒவ்வொரு பின்னுக்கும் வயர் நிறம், சாவி ஆஃபில் என்ன, ஆனில் என்ன, ஐட்லிங்கில் என்ன என்று எழுதுங்கள். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் 12 இருப்பது நேரடி பேட்டரி. அதற்கு ஒரு பெரிய சிவப்புக் குறி போட்டுவிடுங்கள், அந்தப் பக்கம் கையே போகக்கூடாது. சாவி போட்டதும் அசையாத 5 வோல்ட் வந்தால் அது சென்சார்களுக்குப் போகிற சப்ளை. திராட்டிலுக்கும் மேப் சென்சாருக்கும் (எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) பெரும்பாலும் ஒரே வயர்தான் பிரிந்து போகும். மிதியை மெதுவாக அழுத்தும்போது அரை வோல்ட்டிலிருந்து நாலு, நாலரைக்குத் தடங்கலில்லாமல் ஏறுவதுதான் உங்கள் திராட்டில் சிக்னல். ஏறும்போது நடுவில் குதித்தால் வயர் சரி, சென்சார் தேய்ந்துவிட்டது.

அடுத்து எர்த். லாகரின் சிக்னல் எர்த்தைப் பாடியில் எங்கேயோ ஒரு போல்ட்டில் கொடுத்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் திராட்டில் 3 சதவீதம் ஏறுகிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சென்சார் எர்த் ஈசிஎம்மிலிருந்து வருவது, அதையே அளவுக்கு எடுங்கள். ஆனால் லாகரின் பவர் எர்த்தை அதில் போடாதீர்கள், அது பேட்டரிக்குத் தனியாகப் போகட்டும். பவர் வயரில் 2 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். ஆர்பிஎம்மை ஸ்பார்க் காயிலின் நெகட்டிவிலிருந்து எடுப்பதாக இருந்தால், அங்கே 12 வோல்ட் என்று நினைக்காதீர்கள், ஸ்பார்க் அடிக்கும் நொடியில் 300க்கு மேல் எகிறும். அதைத் தாங்கும் இன்புட் லாகரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கடித்துப் பிடிக்கும் அந்த நீல பிளாஸ்டிக் கிளிப்பை ரேஸ் வண்டியில் போடுபவனிடம் நான் பேசுவதில்லை. கப்ளரிலிருந்து நாலு விரல் தள்ளி, இன்சுலேஷனை வழித்து, சுற்றி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போடுங்கள்.

செட்டிபாளையம்_ரிட்டர்ன்ஸ்:

எல்லாம் சரி அண்ணே, ஈயம் மட்டும் வேண்டாம். ஈயம் வயருக்குள் ஊறி முடிகிற இடத்தில் வயர் விறைத்துவிடும், அதிர்வில் சரியாக அங்கேதான் முறியும். உலோகக் குழலில் வைத்து நசுக்கும் கிரிம்ப்தான் ரேஸுக்கு.

கரண்டு_வேலை_22_வருஷம்:

200 ரூபாய் பிளையரில் நசுக்கினால் அது கிரிம்ப் இல்லை தம்பி. நல்ல கிரிம்ப் டூல் விலை தெரியுமா? ஈயம் வைத்த இடத்தைக் கட்டி வைத்தால் ஏன் முறிகிறது? நான் வைத்தது இன்னும் ஓடுகிறது.

செட்டிபாளையம்_ரிட்டர்ன்ஸ்:

ரோட்டில் ஓடும் அண்ணே. ரேஸ் டிராக்கில் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கட்டும், அப்புறம் பேசுவோம்.

ஷா_ஆலம்_சத்ரியா:

சண்டை போடாதீர்கள், நடுவில் நானும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் இருக்கிறேன். பழைய ப்ரோட்டான் சத்ரியா காடி, செப்பாங் டிராக் டேக்கு லாகர் மாட்டப் போனேன். முந்தின ஓனர் என்ன கோபத்தில் இருந்தாரோ, எஞ்சின் வயரிங் முழுவதையும் ஒரே சிவப்பு வயரில் மாற்றி வைத்திருந்தார். எல்லாமே சிவப்பு! நிறம் பார்க்க வழியில்லை, மீட்டரை பீப்பில், அதாவது இரண்டு முனைக்கும் இணைப்பு இருந்தால் கத்தும் செட்டிங்கில், வைத்துத் தேடினேன்.

ஈசிஎம்மின் இன்ஜெக்டர் பின்னில் ஒரு முனை, எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் வரும் சிவப்பு வயரில் ஒரு முனை. பீப். ஆகா, கிடைத்தது என்று லாகரின் ஆர்பிஎம் வயரை அதில் கொடுத்தேன். பூஜ்யம். கழற்றி மறுபடி பார்த்தேன், பீப். மாட்டினேன், பூஜ்யம். மூன்று மணி நேரம் இதே வேலை. வீட்டுக்காரி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “அது ஏன் கத்தும்போது ஒருதரம் ஒரு நம்பர், இன்னொருதரம் வேற நம்பர் காட்டுது?” என்றாள்.

நான் அதுவரை திரையைப் பார்க்கவே இல்லை. ஒரே வயராக இருந்தால் 0.3 ஓம். இது 13.4. அதாவது இன்ஜெக்டரின் காயில் வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து 12 வோல்ட் வயர் வரை போயிருக்கிறது. என் மீட்டருக்கு 13 ஓமும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான், இரண்டுக்கும் கத்தும். அன்றிலிருந்து கராஜில் எதைச் செய்தாலும் “நம்பர் பார்த்தீங்களா” என்று கேட்கிறாள். சாம்பாருக்கு உப்பு பார்க்கும்போதுகூட.

கரண்டு_வேலை_22_வருஷம்:

கப்ளர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பீப் பார்க்க வேண்டும் ஐயா. பரவாயில்லை, அம்மாவுக்கு என் வணக்கம்.

எஸ்டீம்_பிரியன் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் கதையில் ஒன்று உதைக்கிறது. திராட்டில் சிக்னலுக்குப் பக்கத்தில் இருப்பவை சென்சார் வயர்களாக இருந்திருந்தால், ஊசி சரிந்தாலும் ஈசிஎம் செத்திருக்காது. நேரடி பேட்டரி வயரும் 5 வோல்ட்டும் இருக்கிற மூலையில் குத்தியிருக்கிறீர்கள். கப்ளரை முன்னால் பார்த்தால் ஒரு இடது, வயர் பக்கம் பார்த்தால் அதுவே வலது. படத்தின் அடியில் எந்தப் பக்கத்துப் பார்வை என்று போட்டிருப்பார்களே, பார்த்தீர்களா?

எஸ்டீம்_பிரியன்:

இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்காமல் விட்டுவிடுவீர்களோ என்றும் ஒரு ஆசை இருந்தது.

போட்டிருந்தார்கள். படம் ஈசிஎம் பக்கத்துப் பார்வை. அவன் படுத்திருந்தது வயர் பக்கம். என்னிடம் இருந்த ஜெராக்ஸில் அடிவரி வெட்டுப்பட்டிருந்தது. ஒரே தாளில் வரட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் அசலை மடித்து வைத்ததே நான்தான். ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து அசலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவன் அதற்கு முன்பே நாலாயிரத்து ஐநூறு அனுப்பிவிட்டான், “என் கைதான் மச்சான், ஸாரி” என்று மெசேஜும் போட்டிருந்தான்.

செட்டிபாளையம்_ரிட்டர்ன்ஸ்:

சொன்னீர்களா அவரிடம்?

எஸ்டீம்_பிரியன்:

இல்லை. வண்டி இன்னும் எங்கள் இருவருக்கும் பொதுதான். வயர் வேலை என்றால் இப்போதெல்லாம் அவன் டார்ச்சை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றுவிடுகிறான், “நீ பண்ணு, என் கை ராசி இல்லை” என்கிறான். அந்த அசல் தாள் என் டூல் பாக்ஸின் அடித்தட்டில் இருக்கிறது.

மூணாம்_வருஷம்_மெக்:

கரண்டு அண்ணா, சீனியர் அண்ணாவுக்கு இப்போதுதான் மெசேஜ் போட்டேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. இன்னொரு சந்தேகம். கிராங்க் சென்சாரைத் தொடாமல், ஈசிஎம் காயிலுக்கு அனுப்புகிற சிக்னலிலிருந்து ஆர்பிஎம் எடுத்தால் சரியாக வருமா? சிங்கிள் சிலிண்டர், சுற்றுக்கு ஒரு ஸ்பார்க்கா, இரண்டு சுற்றுக்கு ஒன்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?